டார்ட்மூர் போகும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளிமத் நகரில் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் டார்ட்மூருக்கு அழைத்துப் போவது வீட்டு வழக்கமாகிவிட்டது. மரமில்லாத மேடு, மேட்டு உச்சியில் பாறைக் குவியல், சாலையில் குறுக்கே நிற்கும் குதிரை. இதைப் பார்த்ததும் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் அடுத்து வருகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடலாமே என்று இதைத் தொடங்கினேன்.

டார்ட்மூர் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், டெவன் மாவட்டத்தில். ஒரு பக்கம் எக்சிட்டர், மறுபக்கம் பிளிமத், நடுவில் இந்த மேடு. 1951இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு 954 சதுர கிலோமீட்டர். மிக உயர்ந்த இடம் ஹை வில்ஹேஸ், 621 மீட்டர். பக்கத்திலேயே இரண்டு மீட்டர் குறைவாக யெஸ் டோர். நம் கொடைக்கானல், ஊட்டியோடு ஒப்பிட்டால் இது குன்றுகூட இல்லை. ஆனால் கடல் காற்று நேராக வந்து மோதும் மேடு இது, அதனால் குளிரும் மழையும் உயரத்துக்கு மீறிய அளவில் இருக்கும்.

‘மூர்’ என்றால் என்ன? காடா, மலையா, சதுப்பா?

மரமில்லாத, ஈரமான, உழவுக்கு ஆகாத மேட்டு நிலம். தரை பெரும்பாலும் பீட் என்ற கறுப்பு மண். பாசியும் புல்லும் செத்து, நீரில் ஊறியதால் முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது. சில இடங்களில் பல மீட்டர் ஆழம். வெட்டிக் காயவைத்தால் விறகு போல எரியும். போன நூற்றாண்டு வரைக்கும் இங்குள்ள பண்ணை வீடுகளில் அடுப்பு இதில்தான் எரிந்தது.

பிரின்ஸ்டவுன் என்ற ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் சுமார் 1,400. அதுவும் சென்னை மழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே வருடம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். பீட் அந்தத் தண்ணீரைப் பஞ்சு போலப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. டார்ட், டேவி, டீன், பிளிம், எர்ம் என்று டெவனின் ஆறுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. 1591இல் சர் ஃபிரான்சிஸ் டிரேக் முன்னின்று மீவி ஆற்றிலிருந்து பிளிமத்துக்குச் சுமார் 27 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரும் இந்த மேட்டு மழைதான்.

ஒரு மரம்கூட இல்லையே, குளிர்தான் காரணமா?

இல்லை. மனிதர்கள். பனியுகம் முடிந்தபின் இங்கே ஓக் மரமும் ஹேசல் மரமும் அடர்ந்திருந்தன. பீட் மண்ணின் அடுக்குகளில் சிக்கிய மகரந்தத் தூள் அதைச் சொல்கிறது. வேட்டையாடித் திரிந்தவர்கள் காலத்திலேயே ஆங்காங்கே தீ வைத்துத் திறந்திருக்கிறார்கள். அதற்கான கரியும் அதே மண்ணில் இருக்கிறது. பிறகு வெண்கலக் காலத்து உழவர்கள் மிச்சத்தை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மறுபடி முளைத்ததை நாலாயிரம் வருடமாக ஆடும் மாடும் குதிரையும் மேய்ந்துகொண்டே இருக்கின்றன.

பழைய காட்டின் சாயலைப் பார்க்க வேண்டுமென்றால் விஸ்ட்மன்ஸ் வுட் என்ற சின்னத் தோப்பு இருக்கிறது. பாறை இடுக்குகளில் வேரூன்றியதால் ஆடு வாய் வைக்காமல் தப்பிய ஓக் மரங்கள். குட்டையாக, முறுக்கிக்கொண்டு, கிளையெல்லாம் பாசி தொங்க நிற்கும். உள்ளே போய்ப் படம் எடுக்காமல் ஓரமாக நின்று பாருங்கள். ஆள் மிதித்தே அந்தப் பாசி அழிகிறது.

இவ்வளவு நிலத்துக்கும் பட்டா யார் பெயரில்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் அப்பா. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். காரிலிருந்து இறங்கி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “வேலியே காணோம். மேய்ச்சல் புறம்போக்கா?” என்றார். பாதி சரி.

பூங்காவில் ஏறத்தாழ 36,000 ஹெக்டேர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ‘காமன்’ என்று பதிவான நிலம். காமன் என்றதும் பொதுச்சொத்து, அரசு நிலம் என்று நினைத்துவிடுகிறோம். அது தப்பு. ஒவ்வொரு காமனுக்கும் உரிமையாளர் உண்டு. ஆனால் அந்த நிலத்தின் மேல் வேறு சிலருக்கு நிரந்தர உரிமைகள் உண்டு, அவற்றை உரிமையாளர் தடுக்க முடியாது. ஆடு மாடு மேய்க்க, பீட் வெட்ட, பெரணி அறுத்து மாட்டுக்கு விரிக்க, சுள்ளி பொறுக்க, வீட்டுக்கு வேண்டிய கல் எடுக்க என்று தனித்தனி உரிமைகள். இவை ஆளுக்குக் கிடையாது, பண்ணைக்கு உண்டு. பண்ணையை விற்றால் உரிமையும் வாங்கினவருக்குப் போகும். இந்த உரிமை உள்ளவர்களைத்தான் காமனர் என்கிறார்கள்.

எத்தனை உருப்படி விடலாம் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. குளிர்காலத்தில் உன் பண்ணைத் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையை மட்டும் கோடையில் மேட்டுக்கு ஓட்டு. அளவுகோல் வைக்கோல் போர்தான், வேறு தாலுகா ஆபீஸ் வேண்டாம். 1965இல் வந்த ஒரு சட்டம் எல்லோருடைய உரிமையையும் எண்ணிக்கையாகப் பதிவு செய்யச் சொன்னது. ஆளுக்கு ஆள் கூட்டி எழுதினார்கள் என்ற முணுமுணுப்பு இன்றும் இருக்கிறது. 1985இல் டார்ட்மூருக்கென்றே தனிச் சட்டம் வந்து, காமனர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றம் அமைந்தது. மேய்ச்சல் ஒழுங்கு அதன் கையில். அதே சட்டம்தான் காமன் நிலத்தில் யார் வேண்டுமானாலும் நடந்தோ குதிரையிலோ போய்வரலாம் என்ற உரிமையையும் தந்தது.

உரிமையாளர்களில் பெரியவர் கார்ன்வால் டச்சி. பூங்காவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதாவது பட்டத்து இளவரசரின் ஜமீன். இப்போது வில்லியம். 1239இல் மூன்றாம் ஹென்றி மன்னர் தன் தம்பி ரிச்சர்டுக்கு இந்த மேட்டின் நடுப்பகுதியைக் கொடுத்தார். மறு வருடமே பன்னிரண்டு வீரர்கள் எல்லையைச் சுற்றி நடந்து, இந்தப் பாறை முதல் அந்த ஓடை வரை என்று எழுதி வைத்தார்கள். அப்பா இதைக் கேட்டு, “எல்லைக்கல் நட்டு மகஜர் எழுதியிருக்கான்” என்று சிலாகித்தார். 1337இல் டச்சி ஏற்பட்டபோது இது அதற்குள் போனது. அந்த நடுப்பகுதியை இன்றும் ‘டார்ட்மூர் ஃபாரஸ்ட்’ என்கிறார்கள். ஃபாரஸ்ட் என்றால் அந்நாளில் ராஜா வேட்டையாடும் நிலம், மரம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

டெவனில் பார்ன்ஸ்டபிள், டோட்னஸ் என்ற இரண்டு ஊர்க்காரர்கள் தவிர மற்ற எல்லோருக்கும் இங்கே மேய்க்கப் பாத்தியதை இருந்தது என்பது பழைய வழக்கு. உரிமை இல்லாமல் மேய்கிற மாட்டைப் பிடிக்க வருடத்தில் ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், விடியலில் கொம்பு ஊதி எல்லா மாட்டையும் ஒரே இடத்துக்கு ஓட்டுவார்களாம். ஆள் வராத மாடு டன்னபிரிட்ஜ் பவுண்டுக்குப் போகும், அபராதம் கட்டி மீட்க வேண்டும். நம் கிராமங்களில் பட்டி மாட்டை அடைக்கும் ‘பவுண்டு’ இதே சொல்தான். டன்னபிரிட்ஜில் அந்தக் கல் சுற்றுச்சுவர் இன்றும் சாலையோரத்தில் நிற்கிறது.

வேலி இல்லையென்றால் ஆடுகள் ஓடிப்போகாதா?

போகாது. தாய் ஆடு எந்த மேட்டில் மேய்கிறதோ அங்கேயே குட்டியும் மேயக் கற்கிறது. அது பெரிதாகித் தன் குட்டிக்குக் கற்றுத்தரும். தலைமுறை தலைமுறையாக ஒரு மந்தைக்கு ஒரு இடம். இங்கே அதை ‘லியர்’ என்கிறார்கள். எங்கே காற்று ஒதுங்கும், எந்த ஓடையில் கால் புதையாது என்பதெல்லாம் அந்த ஆட்டுக்குத் தெரியும். பண்ணை கைமாறினால் மந்தையும் சேர்ந்தே கைமாறுவது இதனால்தான்.

2001இல் கோமாரி நோய் பிரிட்டன் முழுக்கப் பரவியபோது டெவன் மோசமாக அடிபட்டது. நோய் வந்த பண்ணையில் எல்லா உருப்படியையும் கொல்ல வேண்டும் என்பது உத்தரவு. மற்ற ஊரில் போன ஆட்டுக்குப் பதில் வேறு ஆடு வாங்கிவிடலாம். மேட்டு மந்தை அழிந்தால், புதிதாக வாங்கிய ஆட்டுக்கு இடம் தெரியாது. அது பழகும்வரை பல வருடம் ஆள் போட்டுத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும்.

இந்தக் குதிரைகள் காட்டுக் குதிரைகளா? ரொட்டி கொடுக்கலாமா?

காட்டுக் குதிரை மாதிரிதான் தெரியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காமனர் சொந்தக்காரர். பிடரி மயிர் காற்றில் பறக்க, வயிறு பெருத்து, குட்டையாக இருக்கும் இவற்றைப் போனி என்கிறோம். ஷா மூர் என்ற இடத்தில் 1970களில் தோண்டியபோது சுமார் 3,500 வருடத்துக்கு முந்தைய குளம்படித் தடங்கள் கிடைத்தன. பூங்காவின் சின்னமே இந்தப் போனிதான்.

ஆண்டு முழுக்க வெளியிலேயே கிடக்கும். செப்டம்பர் கடைசி, அக்டோபரில் ‘டிரிஃப்ட்’ நடக்கும். குதிரையிலும் நாலு சக்கர மோட்டார் பைக்கிலும் வளைத்து ஓட்டிக்கொண்டு வந்து அடைப்பார்கள். யாருடையது என்று அடையாளம் பார்த்துப் பிரித்து, குட்டிகளில் சிலவற்றை ஏலத்துக்கு அனுப்பி, மற்றதை மறுபடி மேட்டில் விடுவார்கள். முன்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு இவை நிறைய விலை போயின. இப்போது வாங்க ஆளில்லை, எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் சரிந்துவிட்டது.

ரொட்டி கொடுக்கக் கூடாது. பூங்கா விதிப்படி குற்றம். கை நீட்டிப் பழக்கினால் அவை சாலைக்கு வருகின்றன, இரவில் கார் அடித்துச் சாகின்றன. மேட்டுச் சாலைகளில் வேகம் மணிக்கு 40 மைல்தான். அதற்கும் கீழே ஓட்டுவது உத்தமம், ஏனென்றால் ஹாரன் அடித்தால் போனி நகராது, நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

மேட்டு உச்சிகளில் பாறையை யார் அடுக்கினார்கள்?

யாரும் இல்லை. பெயர் ‘டோர்’. பூங்காவில் 160க்கு மேல் உண்டு. சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய குழம்பு மேலே வராமல் உள்ளேயே குளிர்ந்து கருங்கல்லாக இறுகியது. மேலிருந்த பாறை தேய்ந்து போனபின் அது தலைகாட்டியது. குளிரும்போதே நெடுக்கும் குறுக்குமாக விரிசல் விட்டிருந்ததால், நீர் புகுந்து விரிசல் ஓரங்களைச் சிதைத்தது. பனியுகத்தில் விரிசலில் தண்ணீர் உறைந்து உறைந்து பிளந்தது. பிளந்த துண்டுகள் சரிவெல்லாம் உருண்டு கிடக்கின்றன, தாங்கியது மட்டும் உச்சியில் இட்லி அடுக்கினது போல நிற்கிறது.

பாறைமேல் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருப்பதைச் சுரண்டாதீர்கள். நம் செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியின் சொந்தக்காரக் குடும்பம் அது, மிக மெதுவாக வளர்வது.

இந்தக் கல்லுக்கு லண்டனில் கிராக்கி இருந்தது. 1820இல் ஹேடோர் குவாரியிலிருந்து கல் இறக்க ஒரு டிராம் பாதை போட்டார்கள். அதன் தண்டவாளமே கருங்கல்! இரும்பு விலை அதிகம், கல் காலடியில் கிடந்தது. கல்லில் விளிம்பு செதுக்கி, குதிரை இழுக்க வண்டி ஓடியது. புல்லுக்கு நடுவில் அந்தத் தண்டவாளம் இன்றும் இருக்கிறது. இங்கிருந்து போன கல் 1831இல் திறந்த லண்டன் பாலத்தில் உண்டு. அந்தப் பாலத்தைப் பிறகு அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கி அரிசோனா பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அப்போ வரிசையாக நட்ட கற்கள்?

அவை மனிதர் நட்டவை. நம் ஊரில் பாண்டவர் குழி, குத்துக்கல், கல்திட்டை என்று பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி சங்கதி, ஆனால் காலத்தால் இவை முந்தியவை. மெரிவேல் என்ற இடத்தில் சாலையிலிருந்து ஐந்து நிமிட நடையில் இரட்டை வரிசைக் கற்கள். எர்ம் ஆற்றின் தலைப்பக்கம் ஒரு ஒற்றை வரிசை மூன்று கிலோமீட்டருக்கும் மேல், ஓடையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. எதற்கு நட்டார்கள் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். பல வரிசைகளின் முனையில் ஒரு ஈமக்குழி இருக்கிறது என்பது மட்டும் கண்ணால் பார்க்கக்கூடியது.

கிரிம்ஸ்பவுண்ட் கட்டாயம் பார்க்க வேண்டியது. பெரிய வட்ட மதிலுக்குள் 24 வட்ட வீடுகளின் அடித்தளம். குனிந்து நுழையும் வாசலும், காற்றைத் தடுக்க வளைத்துக் கட்டிய முன்சுவரும் அப்படியே இருக்கின்றன. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ‘ரீவ்’ எனப்படும் வரப்புகள். கி.மு. 1500 வாக்கில் மேட்டையும் பள்ளத்தையும் பொருட்படுத்தாமல், நூல் பிடித்தது போல, கிலோமீட்டர் கணக்கில் இணையாகப் போட்ட கல் வரப்புகள். ஆண்ட்ரூ ஃபிளெமிங் என்ற தொல்லியலாளர் 1970களில் எடுத்துக்காட்டும்வரை பலர் அவற்றை இடைக்கால வேலி என்றே நினைத்திருந்தார்கள். காலநிலை ஈரமாகி, மண் பீட்டாக மாறத் தொடங்கியபின் அந்த உழவர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். காலியானதால்தான் அவர்களுடைய வயல் மிஞ்சியது. கீழே சமவெளியில் அதே காலத்து வரப்புகளை ஏர் அழித்துவிட்டது.

2011இல் ஒயிட்ஹார்ஸ் ஹில்லில் பீட்டுக்குள் புதைந்திருந்த ஒரு கல் பெட்டியைத் திறந்தார்கள். எரித்த எலும்புகள், இளம் வயதுக்காரருடையவை. கரடித்தோலில் சுற்றி வைத்திருந்தார்கள். கூடவே ஒரு கூடை, இருநூறு அளவில் மணிகள். சில மணிகள் ஆம்பரில், சில வெள்ளீயத்தில். வேறு மண்ணில் என்றால் தோலும் கூடையும் என்றோ மக்கிப் போயிருக்கும்.

வெள்ளீயம் இங்கே கிடைத்ததா?

நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு இருக்கிறதே, அந்த ஈயம் உண்மையில் வெள்ளீயம். அதுதான் இங்கே ஆற்று மணலில் கிடைத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து ஓடைப் பள்ளங்களை வெட்டி, வாய்க்கால் திருப்பி, மண்ணைக் கழுவி எடுத்தார்கள். ஓடையோரங்களில் காணும் மேடு பள்ளமெல்லாம் அவர்கள் வேலை.

ஈயக்காரர்களுக்குத் தனிச் சட்டம், தனி நீதிமன்றம், தனிச் சிறை. 1494 முதல் குரோக்கர்ன் டோர் பாறைமேல் வெட்டவெளியில் அவர்களுடைய சபை கூடியது. சிறை லிட்ஃபர்டில். ‘லிட்ஃபர்டு சட்டம்’ என்றால் காலையில் தூக்கிலிட்டுவிட்டு மத்தியானம் விசாரணை என்று ஊரில் சொல்வழக்கு.

1512இல் ரிச்சர்ட் ஸ்ட்ரோட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், ஈயம் கழுவிய மண் பிளிமத் துறைமுகத்தைத் தூர்க்கிறது என்று அதைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். அவரும் ஈயத் தொழிலில் இருந்தவர்தான். ஈயக்காரர் நீதிமன்றம் அவருக்கு அபராதம் போட்டு, கட்டாததால் லிட்ஃபர்டு பாதாளச் சிறையில் மூன்று வாரம் அடைத்தது. நாடாளுமன்றம் கொதித்துப்போய், சபையில் பேசியதற்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. சபைக்குள் பேசும் சுதந்திரத்தின் வரலாற்றில் ஆரம்பக் கட்டம் அது. அந்த மரபுதான் நம் அரசியல் சாசனத்தின் 105, 194ஆம் பிரிவுகள் வரை வந்திருக்கிறது. கோட்டையில் நம் எம்.எல்.ஏ.க்கள் கத்துவதற்கும் லிட்ஃபர்டு நிலவறைக்கும் இப்படி ஒரு உறவு!

சதுப்பில் ஆள் மூழ்கிவிடுவார்களாமே?

முழுதாக மூழ்க மாட்டீர்கள். தொடை வரை போகலாம், செருப்பு திரும்பி வராது. பளிச்சென்ற இளம்பச்சையில் மெத்தை போலத் தெரிகிற இடத்தில் கால் வைக்காதீர்கள், அதன் கீழே தண்ணீர். அது ஸ்பேக்னம் பாசி. முதல் உலகப் போரில் பஞ்சு பற்றாதபோது இங்கிருந்து இதை அள்ளிச் சுத்தம் செய்து காயத்துக்குக் கட்ட அனுப்பினார்கள். போனி எப்போதாவது சதுப்பில் சிக்குவதால் உள்ளூர்க்காரர்கள் கிண்டலாக இதை ‘டார்ட்மூர் லாயம்’ என்பார்கள்.

உண்மையான ஆபத்து மூடுபனி. பத்து நிமிடத்தில் எதிரே இருக்கும் பாறை மறைந்துவிடும், கைபேசி சிக்னலும் பல இடத்தில் கிடையாது. வரைபடமும் திசைகாட்டியும் எடுத்துப்போங்கள். அப்புறம், பெரணிப் புதரில் உண்ணி ஏறும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். லைம் நோய் வர இது போதும்.

என்னென்ன உயிரினங்கள் பார்க்கலாம்?

சிங்கம் புலி கேட்கும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். காது கொடுத்தால் நிறைய உண்டு. வானம்பாடியைப் பெயரில் மட்டும் தெரிந்திருந்த எனக்கு, அது புள்ளியாக மேலேறி மூச்சு விடாமல் பாடுவதை இங்கேதான் முதலில் கேட்கக் கிடைத்தது. ஏப்ரல் கடைசியில் ககூ வரும். குயிலின் உறவு. நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும், இது நெட்டைக்காலி என்ற சின்னப் பறவையின் கூட்டில். இங்கிலாந்தில் பல பக்கம் ககூ குறைந்துவிட்டது, டார்ட்மூரில் இன்னும் கேட்கலாம். ஜூனிலேயே பெரியவை கிளம்பி ஆப்பிரிக்காவின் காங்கோ காடுகளுக்குப் போய்விடும். ஈரமான உச்சிகளில் டன்லின் என்ற சின்ன உள்ளான் முட்டையிடுகிறது. உலகில் அது முட்டையிடும் தென்கோடி இடங்களில் இதுவும் ஒன்று.

பாம்பு உண்டு. ஆடர் என்ற சிறிய விரியன், முதுகில் கறுப்பு நெளிக்கோடு. பிரிட்டனின் ஒரே நச்சுப்பாம்பு. மார்ச் வெயிலில் சுருண்டு காயும், மிதிக்காமல் போனால் அது பாட்டுக்குப் போய்விடும். வண்ணத்துப்பூச்சிகளில் ஹை பிரவுன் ஃப்ரிட்டிலரி என்ற செம்பழுப்பு அழகி இந்த நாட்டிலேயே அரிது. காய்ந்த பெரணிச் சருகு வெயிலில் சூடேறும் இடத்தில் வயலெட் செடி தின்று அதன் புழு வளர்கிறது. மாடு உள்ளே நுழைந்து பெரணியை மிதித்து இடைவெளி விட்டால்தான் அந்த வயலெட் முளைக்கும்.

அப்படியானால் மேய்ச்சல் நல்லதா, கெட்டதா?

இதுதான் இப்போது இங்கே சண்டை. 1980களில் ஐரோப்பிய மானியம் தலை எண்ணிக் கொடுத்தார்கள். ஆடு அதிகம் என்றால் பணம் அதிகம். மேடு மொட்டையானது. பிறகு எதிர்த்திசையில் போய், ஆடு மாட்டைக் குறைத்தால் பணம் என்றார்கள். ஹெதர் என்ற ஊதாப் பூப் புதர் திரும்பி வரும் என்று எதிர்பார்த்த பல இடத்தில் மொலீனியா என்ற முரட்டுப் புல் வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. குளிர்காலத்தில் காய்ந்து வைக்கோலாகக் கிடக்கும், வசந்தத்தில் ஒரு பொறி போதும்.

2023இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து, மானிய ஒப்பந்தம் நீள வேண்டுமானால் உருப்படிகளைக் கடுமையாகக் குறைக்க வேண்டும் என்று காமனர்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஊர் கொந்தளித்தது. அரசு டேவிட் ஃபர்ஸ்டன் தலைமையில் ஒரு ஆய்வுக்குழு போட்டது, அந்த ஆண்டு டிசம்பரில் அறிக்கை வந்தது. நிலம் நல்ல நிலையில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டது. அதே சமயம், கோடையில் மாடும் போனியும் மேய்ந்தால்தான் மொலீனியா அடங்கும் என்ற காமனர் பேச்சுக்கும் அதில் இடம் கிடைத்தது.

என் எண்ணம்: ஆடு, மாடு, போனி மூன்றையும் ‘உருப்படி’ என்று ஒரே கணக்கில் எழுதியதில்தான் கோளாறு. ஆடு இளந்தளிரைக் கொறிக்கும், குளிர்காலத்தில் ஹெதரையும் விடாது. மாடு நாக்கைச் சுழற்றி முரட்டுப் புல்லைப் பிடுங்கும், கனத்தால் மிதித்துக் கிளறும். போனி கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்புதரைக்கூடக் காலால் நசுக்கித் தின்னும். எது, எங்கே, எந்த மாதம் என்று பார்க்காத உத்தரவு எந்தப் பக்கம் போனாலும் தப்பாகத்தான் போகும்.

கூடாரம் போட்டு இரவு தங்கலாமா?

தங்கலாம், அதுவும் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு. 1985 சட்டத்தில் ‘திறந்தவெளிப் பொழுதுபோக்கு’ என்று எழுதியிருக்கிறது. கூடாரத்தில் தூங்குவது பொழுதுபோக்கா என்று ஒரு நில உரிமையாளர் தம்பதி வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம். ஆயிரக்கணக்கானோர் மேட்டில் கூடி எதிர்த்தார்கள். ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. 2025 மே 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, தங்குவதும் அதில் அடங்கும் என்று முடித்து வைத்தது.

ஆனால் முதுகில் சுமந்து போகும் சின்னக் கூடாரம் மட்டும். எல்லாக் காமனிலும் கிடையாது, அனுமதித்த இடங்களுக்குப் பூங்கா வரைபடம் வெளியிட்டிருக்கிறது. அதிகம் போனால் ஒரே இடத்தில் இரண்டு இரவு. நெருப்பு மூட்டக் கூடாது. பிரியாணி அண்டாவோடு குடும்பமாகப் போவதற்குக் கட்டண முகாம்கள் கீழே இருக்கின்றன.

சிவப்புக் கொடி பறக்கிறதே?

ராணுவம் சுடுகிறது, திரும்பிவிடுங்கள். வடக்கு மேட்டில் ஓக்ஹாம்ப்டன், மெரிவேல், வில்ஸ்வர்தி என மூன்று சுடுதளங்கள். எந்த நாள் என்று முன்னதாகவே அறிவிப்பு வரும்.

அந்தச் சாம்பல் கட்டடம்?

டார்ட்மூர் சிறை. நெப்போலியன் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக்காரரை அடைக்க 1809இல் திறந்தது. பிறகு அமெரிக்கக் கைதிகள் வந்தார்கள். 1850 முதல் உள்நாட்டுக் குற்றவாளிகள். 2024இல் எல்லாக் கைதிகளையும் வெளியேற்றினார்கள். காரணம் ரேடான் வாயு. கருங்கல்லில் உள்ள யுரேனியம் சிதைவதால் கசிவது.

எந்த மாதம் வரலாம்?

ஆகஸ்ட். ஹெதர் ஊதாவும் கோர்ஸ் மஞ்சளும் ஒன்றாகப் பூக்கும். படம் எடுக்க வேறு மாதம் வேண்டாம். கூட்டம் பிடிக்காதென்றால் மே. ஆகஸ்டிலும் மழைக்கோட்டு எடுத்து வாருங்கள்.

குழந்தைகளுக்குச் சலிக்காதா?

லெட்டர்பாக்ஸ் தேட விடுங்கள். 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற எட்டாக்கைச் சதுப்பில் ஒரு கண்ணாடிச் சாடியை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் முகவரிச் சீட்டை அதில் போட்டுவிட்டுப் போகட்டும் என்றார். அது விளையாட்டாகப் பரவி, இன்று பாறை இடுக்குகளில் சின்னச் சின்ன டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் முத்திரை, ஒரு நோட்டு. முத்திரையை நம் நோட்டில் குத்திக்கொண்டு, டப்பாவை இருந்த மாதிரியே வைத்துவிட வேண்டும். மைப்பெட்டி கொண்டுபோக மறக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை மறந்து, அப்பா சட்டைப்பையிலிருந்த பேனா மையை விரலில் தேய்த்து மகளுக்கு முத்திரை குத்திக் கொடுத்தார். பாதிதான் விழுந்தது. அதற்கும் கீழே தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.